பித்தளை ஐந்து, மரம் ஐந்து

ஐந்தும் ஐந்தும் பத்து என்பதில் எங்கேயும் சண்டை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தர்மபுரியில் வந்தது. அதற்கென்று ஒரு கமிட்டி போட்டார்கள் என்று சொல்லிவிட்டால், சண்டை ஏன் வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம். யுத்தம் எங்கேயோ நடந்துகொண்டிருந்தது. பொம்மிடி ஸ்டேஷன் வழியாகச் சிப்பாய்கள் ரயில் ரயிலாகப் போனார்கள். கடைகளில் மண்ணெண்ணெய் போன இடம் தெரியவில்லை. இப்படிச் சோர்ந்து கிடக்கும் ஜனங்களுக்கு உற்சாகம் ஊட்ட வேண்டுமென்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. மண்ணெண்ணெய் அனுப்பியிருந்தால் உற்சாகம் தானாக வந்திருக்கும். அவர்கள் வாத்தியங்களை அனுப்பினார்கள்.

இரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றில் பித்தளை வாத்தியம் ஐந்து. மற்றதில் மர வாத்தியம் ஐந்து. கூடவே ஓர் உத்தரவு: 'இவ்விரண்டு ஐந்தும் ஒரே குழுவாகச் சேர்ந்து வாசிக்க வேண்டியது.' என்ன வாசிக்க வேண்டியது என்று அதில் இல்லை. அதைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டதுதான் யுத்த உற்சாக வாத்திய உபகமிட்டி. அதன் காரியதரிசி ராஜப்பன், முப்பது வருஷம் ஸ்டாம்புக் கிடங்கில் இருந்து பென்ஷன் வாங்கியவர். சங்கீதத்தில் அவருக்கு விருப்பும் கிடையாது, வெறுப்பும் கிடையாது. பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே தேடிப் பிடித்து அவரை நியமித்தார்கள்.

அதியமான்கோட்டை சென்றாயன் இந்தக் கதைக்குள் வந்தது மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அவன் கல்யாணங்களுக்குக் கிளாரினெட் ஊதுகிறவன். சுற்றுவட்டாரத்தில் அவன் ஊதாமல் மாப்பிள்ளை அழைப்பு நடந்தால், மாப்பிள்ளைக்கு ஏதாவது குறை இருக்கிறதா என்று சந்தேகப்படுவார்கள். மர வாத்தியப் பெட்டியைத் திறந்தபோது கிளாரினெட் இரண்டாகப் பிளந்து கிடந்ததால், அவனுடைய கிளாரினெட்டோடு அவனையும் ஒரே ஒரு நாள் வந்து போகும்படி ஆள் அனுப்பினார்கள்.

"சாயங்காலம் வந்துடறேன், களி கிண்டி வை" என்று மனைவி பெரியம்மாளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். பாவம், அப்போது அவனுக்குக் கமிட்டி என்றால் என்னவென்று தெரியாது.

போனவுடன் கிளாரினெட்டை வாங்கி அதன் மேல் வெள்ளைச் சாயத்தில் 'ம-3' என்று எழுதினார்கள். மரத்தில் மூன்றாவது என்று அர்த்தம்.

"இது என்னுதுங்க" என்றான் சென்றாயன்.

"உன்னுதுதான், யார் இல்லை என்றது?" என்றார் ராஜப்பன். "நம்பர் மட்டும் எங்களுது. நம்பர் போட்ட பொருளை ஆபீஸுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அது ரூல் ஆறு. ரூல் ஏழைக் கேட்டுக்கோ. உருப்படிகளின் பட்டியல் பூர்த்தியாகிற வரைக்கும் தலைமை வாத்தியக்காரர் தலைமை இடத்தை விட்டு அகலக் கூடாது. உருப்படி என்றால் தெரியுமில்லையா? நீங்க வாசிக்கிற ஒவ்வொரு பாட்டும், மெட்டும் ஒரு உருப்படி."

"தலைமை வாத்தியக்காரர் யாருங்க?"

"முதலில் வந்தவன்" என்றார் ராஜப்பன், பதிவுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டி. அதில் சென்றாயன் பெயர் ஏற்கெனவே இருந்தது.

பயணிகள் பங்களாவுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில் பத்துப் பேரையும் தங்க வைத்தார்கள். குதிரைகள் போன பிறகு அங்கே யாரும் பெருக்கவில்லை. வெளிக்குப் போவதென்றால் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லாமல் ஊருக்குப் போனால் யுத்த சேவையை விட்டு ஓடியதாகப் போலீஸ் பிடிக்கும். அதற்குக்கூட சென்றாயன் துணிந்திருப்பான். ஆனால் ம-3 இரும்பு அலமாரிக்குள் இருந்தது. அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன செய்வான்?

வீட்டில் காரியம் ஒன்று காத்திருந்தது. ஆவணி பன்னிரண்டாம் தேதி அவன் மகள் தீர்த்தம்மாளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நல்லம்பள்ளிக்காரன். நகை வேண்டும், புடவை வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதில்லை. "ஊர்ல எல்லாப் பொண்ணுக்கும் ஊதுனீங்களே, எனக்குத் தாலி கட்டும்போதும் நீங்கதான் ஊதணும்ப்பா" என்று மட்டும் கேட்டிருந்தாள். அதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. ஆறு மாதத்தில் பத்துப் பேருக்கு ஒரு பாட்டுக் கிடைக்காதா என்று சென்றாயன் நினைத்தான்.

முதல் இரண்டு மாதம் எது மரம் என்பதிலேயே போயிற்று. மர வாத்தியப் பெட்டியில் இருந்த புல்லாங்குழல் வெள்ளி போல் மின்னியது. ஹாரன் என்று ஒன்று, சுருட்டி வைத்த பாம்பு மாதிரி, அசல் பித்தளை. மரப் பெட்டியில் பித்தளை எப்படி வரலாம் என்று ராஜப்பன் அதிர்ந்து போனார்.

"வெள்ளக்காரங்க வழக்கத்துல ஹாரனு மரத்தோடயும் சேருமுங்க, பித்தளையோடயும் சேருமுங்க" என்றான் சென்றாயன்.

"இரண்டு பக்கமும் சேருவதா? யுத்த காலத்திலா?" என்றார் ராஜப்பன்.

கமிட்டி கூடி, ஹாரனுக்குத் தேக்கு நிறத்தில் வார்னிஷ் பூசுவதென்று தீர்மானித்தது. பூசிய பிறகு, அது எந்த மரம் என்று சான்றிதழ் கேட்டு வத்தல்மலைப் பக்கத்து வன அதிகாரிக்கு அனுப்பினார்கள். அவர் ஒரு மாதம் வைத்திருந்து, 'மேற்படி மரம் இந்த ரேஞ்சில் வளர்வதில்லை' என்று பதில் எழுதினார். வளராத மரத்தை வெட்டியிருக்க முடியாது, ஆகையால் குற்றம் ஏதுமில்லை என்று கமிட்டி திருப்தியடைந்தது.

ஆட்களைச் சேர்த்ததும் இதே அழகுதான். பொம்மிடி பேண்டு செட்டிலிருந்து கார்னெட் என்கிற பித்தளைக் குழல் ஊதும் மாயவனையும் இன்னும் நாலு பேரையும் பித்தளைக்குப் பிடித்தார்கள். நாயனக்காரர்கள் இரண்டு பேருக்கு ஓபோ, பஸ்ஸூன் என்ற இரண்டு குழல்களைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். சீவாளி என்கிற நாணல் நாக்கு வைத்து ஊதுகிறவனுக்கு எல்லாச் சீவாளியும் ஒன்றுதான் என்று அதற்கும் ஒரு தீர்மானம் இருக்கிறது. புல்லாங்குழலும் ஹாரனும் இன்னும் இரண்டு நாயனக்காரர்கள் கைக்குப் போயின.

ஒத்திகையை மேற்பார்வை பார்க்கக் குமாஸ்தா நஞ்சப்பன் வந்தான். நல்லவன், வேலையில் கருத்துள்ளவன். முதல் நாள் அரை மணி நேரம் கேட்டுவிட்டு, மறுநாள் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தான். அதனால் மேற்பார்வையில் குறைவு வரவில்லை. அவனிடமிருந்த அச்சடித்த பாரத்தில் 'பத்துப் பேரும் ஊதினார்களா?' என்று ஒரே கேள்விதான். அவன் பத்துப் பேருடைய கன்னங்களையும் எண்ணி, உப்பியிருந்தால் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். பஞ்சை எடுக்க வேண்டிய அவசியம் ஒரு நாளும் ஏற்படவில்லை.

இனி உருப்படி. பெட்டிகளுக்குள் நோட்டுக் காகிதக் கட்டு இரண்டு இருந்தது. ஒன்று பித்தளை ஐந்துக்கு மட்டும். மற்றது மரம் ஐந்துக்கு மட்டும். பத்துக்கு ஒன்றும் இல்லை. ராஜப்பன் அசரவில்லை.

"அதை இவங்க வாசிக்கட்டும். இதை அவங்க வாசிக்கட்டும். ஒரே நேரத்தில் ஆரம்பிச்சு, யாருது முதலில் முடிகிறதோ அவங்க மற்றவங்களுக்காகக் காத்திருக்கட்டும். ஐந்தும் ஐந்தும் பத்து."

வாசித்தார்கள். அன்று சந்தை நாள். சந்தைக்கு வந்த மாடுகளில் ஏழு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டன. அவற்றில் இரண்டு இன்று வரை திரும்பவில்லை.

அடுத்து, மதராஸில் வாத்தியக் கடை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார்கள். நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது: 'பத்துப் பேருக்கு உருப்படி எங்களிடம் இல்லை. பதினோரு பேருக்கு ஒன்று உள்ளது. ஒன்பது பேருக்கும் மிக நேர்த்தியான ஒன்று உள்ளது.'

சென்றாயன் முன்னால் ஓடி வந்தான். "ஒம்பது பேருக்கு உள்ளத வாங்கிக்கலாமுங்க. நான் வூட்டுக்குப் போயிடறேன். கணக்கு சரியாப் போயிருமுங்க."

"நீ போய்விட்டால் ஒன்பது பேருக்குத் தலைமை யார்?"

"மாயவன் இருக்கானுங்க."

"மாயவன் தலைமை என்றால், அவன் முதலில் வந்தவனாக இருக்க வேண்டும். அவன் வந்தது மூன்றாவதாக" என்றார் ராஜப்பன். அவர் குரலில் கோபம் இல்லை. அவருக்குச் சென்றாயன் மேல் வருத்தம் கூட உண்டு. ஆனால் வருத்தத்துக்கு ரூல் இல்லையே, என்ன செய்வார்!

வெள்ளைக்காரர் சங்கீதம் கைவிட்ட பிறகு, நம் ஊர் மெட்டுகளைப் பரிசீலிப்பதென்று முடிவாயிற்று. அதற்கு ஒரு பாரம் அச்சடித்தார்கள். மெட்டுக்குச் சொற்கள் உண்டா? உண்டென்றால் தள்ளுபடி, ஜனங்கள் கூடவே பாடி, நடுவில் அரசியல் சொல்லைச் சேர்த்துவிடுவார்கள். மெட்டு எந்த மதத்தையாவது சேர்ந்ததா? சேர்ந்ததென்றால் தள்ளுபடி. ஒரு ஜாதிக்கு மட்டும் உரியதா? தள்ளுபடி. பத்துப் பேருக்கும் தெரியுமா? தெரியாதென்றால் தள்ளுபடி.

சென்றாயன் தினம் இரண்டு மூன்று மெட்டு ஊதிக் காட்டினான். சாமி மெட்டுகள் மதத்தில் போயின. நடவுப் பாட்டில் பண்ணைக்காரரைக் கேலி செய்யும் வரி இருந்ததால் சொல்லில் போயிற்று. தாலாட்டைக் கேட்டு ஜனங்கள் தூங்கிவிட்டால் உற்சாகத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கூத்து மெட்டில் கடைசியில் ராஜா தோற்கிறார். யுத்த காலத்தில் எந்த ராஜாவும் தோற்கக் கூடாது. தாலி கட்டும்போது வாசிக்கும் மோகன ராகத்து மெட்டு ஒன்று உண்டு. அதை ஊதும்போது சென்றாயன் மகளை நினைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான். ரொம்ப நன்றாக வந்தது. 'பித்தளைக்காரர் ஐவருக்கும் தெரியவில்லை' என்று எழுதித் தள்ளிவிட்டார்கள்.

அது அவர்கள் குற்றமில்லை. நம் பக்கத்து வழக்கம் அப்படி. கல்யாணத்தில் நாயனமும் கிளாரினெட்டும் பந்தலுக்குள்ளே. பித்தளை பேண்டு தெருவோடு சரி. உள்ளே வாசிப்பது வெளியே இருப்பவனுக்குத் தெரியாது.

ஆடி பிறந்தது. நூற்றுப் பன்னிரண்டு மெட்டுகள் தள்ளுபடியாகிவிட்டன. மதராஸிலிருந்து ஒரு பெரிய துரை ஆடி இருபதாம் தேதி பொம்மிடியில் வந்து இறங்கப் போவதாகத் தந்தி வந்தது. ராஜப்பன் முதல் முறையாக லாயத்துக்குள் கால் வைத்தார்.

"நீங்க பத்துப் பேரும் ஒரே வரிசையில் நின்று, ஒரே மெட்டை, எப்போதாவது, எங்கேயாவது சேர்ந்து வாசித்ததே கிடையாதா?"

மாயவன் வாய் அடங்காதவன். "ஒண்ணு இருக்குதுங்க" என்றான்.

சென்றாயன் அவன் தொடையைக் கிள்ளினான். ராஜப்பன் பார்த்துவிட்டார்.

"என்ன மெட்டு? ஏன் மறைக்கிறீர்கள்?"

"அது வேண்டாமுங்க" என்றான் சென்றாயன். "அது கல்யாணச் சாவுக்கு ஊதறதுங்க. வயசாளிங்க நல்லாயிருந்து செத்தா, பொணத்த எடுக்கறப்ப நாயனமும் பித்தளையும் ஒண்ணா சேந்து நடப்போம். வேற எதுக்கும் சேர மாட்டோமுங்க."

"சொற்கள் உண்டா?"

"இல்லீங்க. ஆனா..."

"மதம்?"

"எல்லாருக்கும் ஊதுவோமுங்க. ஆனா அது பொணத்துக்கு..."

"ஜாதி?"

"சாவுக்கு ஏதுங்க அதெல்லாம்?"

"பத்துப் பேருக்கும் தெரியும்?"

"தெரியுமுங்க" என்றான் சென்றாயன். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ராஜப்பன் பாரத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை பார்த்தார். "எப்போது வாசிப்பது என்று இதில் ஒரு கேள்வியும் இல்லையே! கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக் காரியத்தைக் கெடுக்காதே. சொல் இல்லை, மதம் இல்லை, ஜாதி இல்லை, ஏழை பணக்காரன் வித்தியாசம் இல்லை. கடைசியில் எல்லோருக்கும் வந்து சேருகிற மெட்டு. சர்க்கார் நினைக்கிற ஒற்றுமை இதுதானப்பா!"

அன்று சாயங்காலமே கமிட்டி கூடி, மேற்படி மெட்டு இன்று முதல் மங்கள மெட்டு என்று தீர்மானம் போட்டது. எதிர்த்து யாரும் கை தூக்கவில்லை.

ஆடி இருபதாம் தேதி பொம்மிடி ஸ்டேஷன் வாசலில், பூவும் வாழைக்கன்றும் கட்டிய திறந்த மோட்டாரில் துரையை உட்கார வைத்தார்கள். கழுத்து மறைய மாலை போட்டார்கள். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. அதனால் அசையாமல், நேராக, வெளுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் பத்துப் பேர் ஊத ஆரம்பித்தார்கள்.

ஆறு மாதமாக ஒன்றும் சேர்ந்து வராதவர்களுக்கு அன்று அவ்வளவு சேர்ந்து வந்தது. அந்த மெட்டை அவர்கள் அப்படி வாசித்ததே இல்லை என்று மாயவனே பிறகு சொன்னான்.

கடைக்காரர்கள் பலகையைப் பாதி இறக்கினார்கள். ஆண்கள் தலைத்துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் வாசலுக்கு வந்து, மோட்டார் தாண்டியவுடன் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டிக் கழுவிவிட்டார்கள். நம் பக்கத்தில் பெரியவர்கள் செத்தால் மாலை போட்டு உட்கார வைத்துத்தான் எடுப்பார்கள். ஆகையால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

"யாரக்கா போயிட்டது?" என்றாள் ஒருத்தி.

"யாரோ தொரையாம். பாரேன், கண்ணத் தொறந்துக்கிட்டே போயிருக்காரு. பொண்டாட்டி புள்ள மேல அவ்ளோ ஆசை போல" என்றாள் ராமக்கா என்கிற மற்றொருத்தி. சொன்னவளுக்கே அழுகை வந்துவிட்டது. அவள் மாரடித்து அழ, பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மோட்டார் மீது பொரி விழுந்துகொண்டே இருந்தது.

துரை அன்று மைதானத்தில் பேசியதை ராஜப்பன் தமிழில் எடுத்துச் சொன்னார்: "நான் எத்தனையோ ஜில்லாக்களுக்குப் போயிருக்கிறேன். என்னைக் கண்டு கைதட்டியிருக்கிறார்கள். என்னைக் கண்டு அழுதவர்கள் நீங்கள்தான். ஜனங்களின் மனசை இவ்வளவு சரியாகத் தெரிந்துகொண்டு ஒரு கமிட்டி வேலை செய்வதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை."

அவர் ஊருக்குத் திரும்பியதும் உத்தரவு போட்டார். வாத்தியக் குழு நிரந்தரமாக்கப்பட்டது. அது இனிமேல் அங்கீகரிக்கப்பட்ட அந்த ஓர் உருப்படியைத் தவிர வேறெதையும் வாசிக்கக் கூடாது. அந்த உருப்படி வாசிக்கப்படாத எந்த விழாவுக்கும் குழு போகக் கூடாது.

ஆவணி இரண்டாம் தேதி சென்றாயன் ராஜப்பன் முன்னால் போய் நின்றான்.

"பட்டியல் பூர்த்தியாயிட்டதுங்க. ரூல் ஏழு முடிஞ்சுதுங்க. பன்னெண்டாந்தேதி என் பொண்ணுக்குக் கல்யாணமுங்க. கிளாரினெட்டோட ரெண்டு நாளு வூட்டுக்கு உட்டீங்கன்னா..."

ராஜப்பன் உண்மையிலேயே உதவ நினைத்தார். அதுதான் வினையாயிற்று. பழைய ரூல், புது உத்தரவு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் யோசித்தார்.

"நீ மட்டும் போனால் ஒன்பது பேர் மிஞ்சுவார்கள். குழு என்றால் பத்து. ஆகையால் பத்துப் பேரும் போகலாம். பத்துப் பேரும் போவதென்றால் அது விழாவாக இருக்க வேண்டும். உன் மகள் கல்யாணத்தை யுத்த உற்சாக விழாவாக நான் அங்கீகரிக்கிறேன். நன்றி எல்லாம் வேண்டாம். தாலி கட்டுகிற முகூர்த்தத்தில் உருப்படி வாசிக்கப்பட வேண்டும். நஞ்சப்பன் வந்து பார்த்து எழுதுவான்."

"சாமி, அந்த மெட்டையா? என் பொண்ணுக்கா?"

"அதுதான் மங்கள மெட்டாகிவிட்டதே! உனக்குத் தீர்மானத்தில் நம்பிக்கை இல்லையா?"

வாசிக்காவிட்டால் என்ன ஆகும் என்று சென்றாயன் கேட்டான். யுத்த சேவைக்கு இடையூறு. பத்துப் பேருக்கும் ஜெயில் என்றார். நான் போகவே இல்லை, கல்யாணம் நான் இல்லாமல் நடக்கட்டும் என்றான். விழாவை அங்கீகரித்தாயிற்று, இனி ரத்து செய்ய மதராஸுக்கு எழுத வேண்டும் என்றார். மதராஸிலிருந்து பதில் வர நாற்பது நாள் ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

பன்னிரண்டாம் தேதி காலையில் பத்துப் பேரும் நஞ்சப்பனும் அதியமான்கோட்டையில் வந்து இறங்கினார்கள். ஆறு மாதம் கழித்து வீட்டு வாசலில் கால் வைத்த சென்றாயனைப் பெரியம்மாள் கொட்டாய்க்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் கறுத்துவிட்டது.

"அத ஊதுனீங்கன்னா மாப்ள வூட்டுக்காரங்க அப்பிடியே எந்திரிச்சுப் போயிருவாங்க. எம் பொண்ணு மணையில உக்காந்திருக்கா. அவ காதுல அது உழலாமா?"

"ஊதலன்னா பத்துப் பேரும் உள்ள போவணும், பெரியா. மாயவனுக்குக் கைக்கொழந்த இருக்குது."

"உங்கள ஒரு நாளுக்குன்னுதானே கூப்ட்டாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் அழுதாள். சென்றாயனுக்கும் அழுகை வந்தது. ஆனால் கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பன் அழக் கூடாது என்பதால் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

கழுவி நிமிர்ந்தபோது, பந்தலில் நஞ்சப்பன் பாரத்தை மடிமேல் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து பஞ்சை எடுத்து, பழக்கத்தோடு, இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டிருந்தான்.

சென்றாயன் ஒன்பது பேரையும் கூப்பிட்டான்.

"யாரும் ஊதக் கூடாது. கன்னத்த உப்பிக்கணும். காத்த மூக்கால உட்டுக்கணும்."

"நெசமாவா அண்ணா?" என்றான் மாயவன். "எவ்ளோ நேரம் தாங்கும்?"

"எம் பொண்ணு கழுத்துல மூணு முடிச்சு உழற வரைக்கும்."

முகூர்த்தம் வந்தது. உள்ளூர் நாயனக்காரரும் தவில்காரரும் கெட்டிமேளம் கொட்டினார்கள். பத்துப் பேரும் வரிசையாக நின்று வாத்தியத்தை வாயில் வைத்தார்கள். பத்துப் பேருடைய கன்னமும் பூசணிக்காய் மாதிரி உப்பியது. ஒரு சத்தமும் இல்லை. நஞ்சப்பன் எழுந்து, விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினான்.

தீர்த்தம்மாள் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அவர் ஊதவில்லை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அவர் ஊதினால் கழுத்து நரம்பு எப்படிப் புடைக்கும் என்று குழந்தையிலிருந்து பார்த்தவள். பிறகு அவள் கண் அவர் விரல்களுக்குப் போனது. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சாவு மெட்டுக்கு விரல் இப்படி ஓடாது. மோகனத்தில், தாலி கட்டுகிற மெட்டுக்கு, ஒவ்வொரு சுரமாக, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்று, எங்கே வழுக்க வேண்டுமோ அங்கே வழுக்கி ஓடின. அவள் அதைக் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முடிச்சு விழுந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள் என்றும், அழுதுகொண்டிருந்தாள் என்றும் அங்கே இருந்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

சாப்பாடு முடிந்த கையோடு பத்துப் பேரையும் தர்மபுரிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான் நஞ்சப்பன். அவன் கொடுத்த அறிக்கை கமிட்டியில் படிக்கப்பட்டது: 'உருப்படி வாசிக்கப்பட்டது. பத்துப் பேரும் ஊதினார்கள். விருந்தினர் ஒருவரும் எழுந்து போகவில்லை. மாடுகள் ஓடவில்லை. யாரும் அழவில்லை, ஒருவரைத் தவிர.'

ராஜப்பனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதே மாதிரி தமக்கும் வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். சென்றாயனுக்கு வேறு வழி தெரியவில்லை. பத்துப் பேரும் லாயத்தில் வரிசையாக நின்று கன்னத்தை உப்பினார்கள். ராஜப்பன் காதில் பஞ்சு இல்லை. கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். மாட்டிக்கொண்டோம் என்று மாயவன் நினைத்தான்.

ராஜப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல் இல்லை. மதம் இல்லை. யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மரம் அதிகமா, பித்தளை அதிகமா என்று சண்டை இல்லை. பத்தும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. நான் ஆறு மாதமாகக் கேட்டது இதைத்தானே, சென்றாயா? இதை முதல் நாளே வாசித்திருந்தால், அன்று சாயங்காலமே உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பேனே!"

"இப்பவாவது அனுப்புங்க. கிளாரினெட்ட குடுங்க" என்றான் சென்றாயன்.

"இப்போது எப்படி? உருப்படி இப்போதுதானே கிடைத்திருக்கிறது! உன்னை விட்டால் இதை வாசிக்க எனக்கு யார் இருக்கிறார்கள்?"

யுத்தம் இன்னும் இரண்டு வருஷம் நடந்தது. கமிட்டி அதற்குப் பிறகும் ஒரு வருஷம் நடந்தது; அதைக் கலைக்கிற உத்தரவில் பித்தளையை மட்டும் எழுதி, மரத்தை எழுத மறந்துவிட்டார்கள். குழு என்றால் பத்து என்பதால், மரம் கலைகிற வரை பித்தளையும் கலையவில்லை. அதுவரை தினம் காலை பத்து மணிக்குச் சென்றாயன் லாயத்தில் நின்று கன்னத்தை உப்பினான். தள்ளுபடியான நூற்றுப் பன்னிரண்டு மெட்டுகளையும் ஒவ்வொன்றாக விரலில் வாசித்தான். சாமி மெட்டு, நடவுப் பாட்டு, தாலாட்டு, கூத்தில் ராஜா தோற்கிற இடம் எல்லாவற்றையும் கமிட்டிக் கட்டடத்துக்குள்ளேயே வாசித்தான். கடைசியில் மோகனம் வரும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வான். எதிரே பெஞ்சில் நஞ்சப்பன், காதில் பஞ்சோடு, கன்னங்களை எண்ணி எழுதுவான்: 'உருப்படி ஒன்று. பத்துப் பேரும் ஊதினார்கள். ஆம்.'